போல்ட்டைக் கழுவிய நேரம்

திருத்தணி பைபாஸ் ஓரத்தில் மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் குமார், போன மாதம் என்னைச் சாலையில் பார்த்து வண்டியை நிறுத்தினார். செல்போனைக் காட்டினார். திரையில் ஒரு நீலப் பெட்டி; அதற்குள் முப்பதுக்கு மேல் அலன் சாக்கெட்டுகள் பளபளவென்று வரிசையாக இருந்தன. விலை மலிவுதான் என்றும், ஆனால் போன தடவை இப்படி வாங்கியது முனை மழுங்கிப் போய்விட்டது என்றும் சொன்னார். "ஆலையில நீங்க இதயேதான பாத்துகினு இருந்தீங்க. எது வாங்கலாம்னு எழுதிக் குடுங்க தணிகாண்ணா, நம்ம மெக்கானிக்குங்க குரூப்புல போட்டுடறேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். சாக்கெட்டைப் பற்றி மட்டும் எழுத வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். குமார் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சில போல்ட்டுகளுக்குத் தலையின் வெளிப்பக்கம் ஸ்பேனர் பிடிக்க இடம் இருக்காது. தலைக்கு நடுவில் அறுகோணக் குழி இருக்கும். அந்தக் குழிக்குள் இறங்குகிற ஆறு பட்டை இரும்புக் குச்சியைத்தான் பிட் என்கிறோம். அதன் பின்பக்கம் கைப்பிடி மாட்டுவதற்கான சதுர ஓட்டையுள்ள குழல். இரண்டும் சேர்ந்தது அலன் சாக்கெட். பிட் மழுங்கினாலும் குழி மழுங்கினாலும் அந்த போல்ட் அதற்குப் பிறகு சுலபத்தில் வராது.

ஐடிஐ முடித்தேன், அப்ரண்டிஸாக இருந்தேன், இரண்டு மூன்று இடங்களில் தற்காலிகமாகக் கை கறுக்க வேலை பார்த்தேன். பிறகு ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அங்கே ஆலையும் இல்லை. தினமும் திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆலை வேனில் போய் வந்தேன். வேனில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், பாதிப் பேர் தமிழ். இறங்கும்போது இரண்டும் கலந்திருக்கும்.

சர்க்கரை ஆலை வருஷத்தில் பாதிதான் ஓடும். மீதி நாளில் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவோம். அங்கே போல்ட்டுகளுக்குத் துரு ஒரு எதிரி என்றால், கரும்புச்சாறு அதைவிடப் பெரிய எதிரி. தெறித்த சாறு போல்ட் தலையின் குழியில் தங்கிக் காய்ந்து பாகாகும். அதன் மேல் சக்கைத்தூள் படியும். மறுபடி சாறு, மறுபடி தூள். ஒரு சீசன் முடிவதற்குள் குழி கல்லாக அடைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் கொஞ்சம் அழுக்கு இருப்பது போலத்தான் தெரியும். பிட்டை வைத்தால் பாதிதான் இறங்கும். பாதி இறங்கிய பிட்டில் பலம் கொடுத்தால் குழியின் மூலைகள் வழித்துக்கொண்டு வட்டமாகிவிடும். அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும்.

எங்கள் ஃபோர்மேன் பெயர் முனிரத்தினம். நகரிப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் எல்லாரையும் மகனைக் கூப்பிடுவது போல 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். மெல்லிய ஆள், குரல் உயராது. ஆலையில் எங்கே பார்த்தாலும் 'சீக்கிரம் சீக்கிரம்' என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் வாயில் மட்டும் அந்தச் சொல் வராது. சைக்கிள் கம்பியைத் தீட்டிச் செய்த ஒரு குத்தூசி சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒரு போல்ட்டைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் குழியில் வெந்நீர் ஊற்றுவார். பாகு இளகும்வரை காத்திருப்பார். குத்தூசியால் ஆறு மூலையையும் தனித்தனியாகக் குடைவார். வாயால் ஊதுவார். பிட்டை வைத்துச் செம்புச் சுத்தியலால் தட்டி, அடி தொட்டதா என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார். அதற்குப் பிறகுதான் கைப்பிடியை மாட்டுவார். இத்தனையும் செய்தால் போல்ட் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். புது ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். கோயில் விளக்கு துடைக்கிற மாதிரி துடைக்கிறார் என்பார்கள்.

சாக்கெட் வாங்குவதிலும் அவர் அப்படித்தான். அலுவலகம் எப்போதும் விலை குறைந்ததைத்தான் வாங்கும். அதில் அவர் சண்டை போடவில்லை. விலை குறைந்தவற்றிலேயே உழைக்கிறது எது என்று பார்த்துச் சொல்ல மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டார். கடைக்காரர்கள் மாதிரி கொண்டுவந்து வைப்பார்கள். நானும் அவரும் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பளபளப்பை அவர் பார்க்கவே மாட்டார். பிட்டின் முனையைப் பார்ப்பார். ஆறு மூலையும் கூர்மையாக இருக்க வேண்டும். நுனியில் மட்டும் இறங்குவதற்காக மெல்லிய சரிவு இருக்கலாம். விற்கும்போதே மூலை உருண்டிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். புது போல்ட் ஒன்றில் செருகி ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் தெரியக் கூடாது. பழைய இயந்திரங்களில் இன்ச் அளவு போல்ட்டுகள் இருக்கும். அவற்றில் மில்லிமீட்டர் பிட் ஏறக்குறையப் பொருந்துவது போலத் தோன்றும். அந்த 'ஏறக்குறைய'தான் குழியைக் கெடுக்கும் என்பார்.

பிறகு அரம். நல்ல அரத்தை பிட்டின் மேல் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடித்தால் இரும்பு மெத்து. மெத்து இரும்பை வைஸில் பிடித்து நீளக் குழாய் மாட்டி இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். அதற்காக மிகவும் கெட்டியாக இருப்பதும் ஆகாது. அது கண்ணாடி போல உடைந்து முகத்துக்குப் பறக்கும். நல்லது எது என்றால், இழுக்கும்போது லேசாக வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய நிலைக்கு வருவது. கையில் அது தெரியும். நாங்கள் சோதித்ததில் அப்படி நின்றது நடுத்தர விலைக்காரர் ஒருவருடைய கறுப்பு நிறப் பிட்டுகள்தான். அதில் பிட் தனி, குழல் தனி. பிட் தேய்ந்தால் அதை மட்டும் தட்டி எடுத்து வேறொன்று போட்டுக்கொள்ளலாம். முழுப் பெட்டி வேண்டாம் என்றார் முனிரத்தினம். பெட்டியில் இருக்கிற முப்பதில் நாம் தொடுவது ஐந்தாறு அளவுதான். அந்த ஐந்தாறை மட்டும் நல்லதாக வாங்கினால் மலிவுப் பெட்டியைவிடச் செலவு குறையும். நீளப் பிட் முறுக்கும், அதனால் இடம் இருக்கிற வரைக்கும் குட்டையானதே போதும். காற்றழுத்தத்தில் போல்ட்டைச் சுழற்றும் கன்னில் மாட்டுவதற்கு அதற்கென்று செய்த கறுப்பு சாக்கெட் மட்டும்தான். முலாம் பூசியதை அதில் மாட்டக் கூடாது.

குமாருக்கு வேண்டியது இவ்வளவுதான். இனி வருவது எனக்காக.

என் அக்கா வள்ளியம்மாவைப் பொதட்டூர்பேட்டைப் பக்கம் கொடுத்திருந்தோம். அவள் கணவர் ஏழுமலை. எனக்குப் பாவா. நான்தான் சொல்லி அவரை ஆலையில் எண்ணெய் போடுகிற வேலையில் சேர்த்தேன். அக்காவும் காண்ட்ராக்டில் சக்கை அள்ள வந்தாள். காலையில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பாவா பேச்சுக்காரர். சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் குரல்தான்.

சீசன் நடுவில் ஒரு முற்பகல். கரும்பை மில்லுக்குள் ஏற்றிக்கொண்டு போகிற கேரியரின் சங்கிலியில் சத்தம் வருகிறதென்று அதன் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். பாவா எண்ணெய் போடக் குனிந்தபோது தோளில் கிடந்த துண்டு சங்கிலியில் மாட்டியது. துண்டோடு கை போனது. யாரோ கயிற்றை இழுத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஓடியபோது வலது கை முழங்கைக்கு மேல்வரை சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. ஆள் நினைவோடு இருந்தார். இரண்டு பேர் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

எல்லோரும் சக்கரத்தைப் பின்னால் சுற்றச் சொன்னார்கள். முனிரத்தினம் கூடாது என்றார். சரிவில் டன் கணக்கில் கரும்பு ஏறி நின்றது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிற பூட்டை எடுத்தால் மொத்தமும் பின்னால் சரியும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். கேஸ் வைத்துச் சங்கிலியை அறுக்கலாம் என்றார்கள். சுற்றிலும் காய்ந்த சக்கைத்தூள். தீப்பொறி பட்டால் போதும். மேலும் இறுகி நிற்கிற சங்கிலி அறுந்தால் சாட்டையாக வீசும். இருந்தது ஒரே வழி. சக்கரத்தின் தண்டைத் தாங்குகிற பேரிங்கின் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். செயின் பிளாக் போட்டுத் தண்டை விரலளவு தூக்கினால் சக்கரம் கையை விடும். மூடியில் நான்கு அலன் போல்ட்டுகள், ஆழக் குழிக்குள் புதைந்தவை. நான்கின் தலையிலும் கருத்த பாகு.

"வெந்நீ கொண்டாங்க" என்று முனிரத்தினம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

கூட்டத்தில் அக்கா நின்றிருந்தாள். அவள்தான் ஓடினாள். கேன்டீனில் டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு போசியில் மொண்டு, புடவைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கணவனின் காயத்துக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். முனிரத்தினம் அதை வாங்கி போல்ட் தலையில் ஊற்றினார்.

நான் கறுப்பு சாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். பாவாவின் முகம் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவர் கத்தவில்லை. "மச்சான், சீக்கிரம்" என்றார், அவ்வளவுதான். பாகு இளகவேண்டும். முனிரத்தினம் குத்தூசியை எடுத்து மூலை மூலையாகக் குடைந்தார். ஊதினார். மறுபடி தண்ணீர் ஊற்றினார். பின்னாலிருந்து கெட்ட வார்த்தைகள் வந்தன. ஒருவன் கைப்பிடியை என்னிடமிருந்து பிடுங்க வந்தான். முனிரத்தினம் அவன் மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குடைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிட்டை வைத்துத் தட்டினேன். அடி தொட்டது. குழாயை மாட்டி இழுத்தேன். விட்டது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எனக்குப் பொறுக்கவில்லை. அரைகுறையாகத் துடைத்துவிட்டு பிட்டை இறக்கினேன். குழல் மூடியிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நின்றதை அவர் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது மழுங்கிச்சின்னா உங்க பாவாவ இங்கயே உட்டுட்டுத்தான் போவணும். நிதானங்கா, நைனா."

பிட்டை அவரே உருவி எடுத்துக் குழியை மறுபடி கழுவினார். அந்தத் தண்ணீர் ஆவியடித்துக்கொண்டு இரும்பில் வழிவதை அக்கா நின்று பார்த்தாள். நான் ஒரு தடவை நிமிர்ந்தபோது அவள் கண் என் மேல் இருந்தது.

நான்கும் வந்தன. மூடியை எடுத்தோம், தண்டைத் தூக்கினோம், கை வெளியே வந்தது. கை என்று அதைச் சொல்ல முடியாது. நாங்கள் தேர்ந்தெடுத்த சாக்கெட்டின் மூலைகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட மழுங்கவில்லை. என் தொழிலில் ஒரு கருவி அதைவிட நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதில் எனக்கு அன்றும் சந்தோஷமில்லை, இன்றும் இல்லை.

திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். தோளுக்குக் கொஞ்சம் கீழே கையை எடுத்துவிட்டார்கள். சங்கிலிக்குள் போன நொடியிலேயே கை போய்விட்டதென்றும், முன்னாலேயே எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாதென்றும் டாக்டர் என்னிடம் சொன்னார். உயிர் தங்கியதே பெரிது என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். யாரிடம் போய்ச் சொல்வது?

ஏனென்றால் அதற்குள் ஊரில் வேறு கதை பரவிவிட்டது. ஆள் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஃபோர்மேன் போல்ட்டைக் கழுவிக்கொண்டிருந்தாராம். பெண்டாட்டியின் கூடப் பிறந்த தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தானாம். பார்த்தவர்கள் சொன்னது பொய் இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

முனிரத்தினம் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அக்கா வார்டு வாசலிலேயே எழுந்து நின்று வழியை மறித்துக்கொண்டாள். அவர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் படியிறங்கினார். நான் பின்னாலேயே போய், உள்ளே வந்து விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினேன். "சொல்லி இன்னா ஆவப்போவுது நைனா. அந்தம்மா கொண்டாந்த தண்ணியத்தான் போல்ட்டுல ஊத்தினேன்" என்றார். பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்த போல்ட்டையும் தன் கையால் திறக்கவில்லை. மேற்பார்வை மட்டும் பார்த்தார். குத்தூசி சட்டைப் பையில் இல்லை. நாங்கள் கழுவாமல் பிட்டை வைத்தால்கூட ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த சீசன் தொடங்கும் முன் வேலையை விட்டுவிட்டார். வேறு ஊரில் மகனோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் இறந்த செய்தி காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். என்னோடு பேசுவதையும். பொங்கல் சீரோடு போனேன், கதவைத் திறக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பாவா மட்டும் வந்தார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். அன்று அவளைச் சந்தையில் பார்த்ததாக வேறொருவர் சொன்னார்.

ஆலை மூடிய பிறகு பாவா பொதட்டூர்பேட்டையிலேயே இருந்தார். ஒரு தறி வீட்டில் ஒற்றைக் கையால் நூல் கண்டுகளை எடுத்துக் கொடுக்கிற வேலை. பேச்சு குறைந்துவிட்டது. நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது பஸ் பிடித்துப் போவேன். வீட்டுக்குப் போக முடியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்காருவோம். அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"நீ மூணாவதுல தடுமாறினது எனக்குத் தெரிஞ்சிது மச்சான். அந்தாளு உன் கையப் புடிக்கலன்னா நான் இங்க உக்காந்து டீ குடிச்சிகினு இருக்க மாட்டேன்."

இதை அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே பாவா என்று கேட்டேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளாண்ட அதைப் பேசறதில்ல, அவளுக்கு அதெல்லாம் புரியாது, உட்டுடு என்றார். நானும் விட்டுவிட்டேன். அக்காவுக்கு விவரம் தெரியாது, தெரிந்தால் ஒருநாள் மனம் மாறும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை வருஷமும் அந்த நினைப்பை வைத்துத்தான் ஓட்டினேன்.

போன வருஷம் பாவா போய்விட்டார். நெஞ்சுவலி. காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடி நான்தான் எடுத்துப் போக வேண்டும். வேறு ஆள் கிடையாது. வாங்குவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டே புடவைத் தட்டை நீட்டினேன். முறைக்கு வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபின் பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, அன்னிக்கு அவசரப்பட்டிருந்தா பாவாவ வெளியவே எடுத்திருக்க முடியாதுக்கா. இத்த உன்னாண்ட சொல்லணும்னு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"ஆஸ்பத்திரில கண்ணு தொறந்ததும் மொத்தல்ல அதத்தான் சொன்னாரு. அப்பறம் எத்தினி வாட்டி சொன்னாருன்னு கணக்கே இல்ல. தணிகா மேலயும் தப்பு இல்ல, அந்தாளு மேலயும் தப்பு இல்ல, தம்பிய வூட்டுக்குக் கூப்புடுன்னுவாரு. ஒவ்வொரு வாட்டி உன்னப் பாத்துட்டு வந்து அதே பேச்சுதான். எனக்குப் புரியாம இல்ல. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா நான் மறுபடி அங்க போய் நின்னுடறேன். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனாள்.

திருத்தணி பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போதுதான் பாவா செய்தது எனக்குப் புரிந்தது. தெரிந்தும் அவள் என்னை ஒதுக்குகிறாள் என்பதை நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். அவளுக்குத் தெரியாது என்று என்னை நம்பவைத்துவிட்டு, அங்கே போய் அவளிடம் எனக்காகப் பேசித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். அடுத்த மாதம் மறுபடி டீக்கடைக்கு வந்து ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை. நான் மாதம் ஒரு தடவை போகிறேன். இப்போது கதவு திறந்திருக்கிறது. உள்ளே போய் உட்காருகிறேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நூல் சுற்றுகிறாள். குடித்துவிட்டு, வரேன்க்கா என்கிறேன். ஆங் என்கிறாள்.